இலே ஐயே: மேளம் கொட்டிப் பாடம் சொன்ன தெரு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிரேசில் கார்னிவல் என்றதும் நம்மில் பலருக்கு ரியோ நகரத்தின் இறகு அலங்காரமும் சாம்பா ஆட்டமும்தான் கண்முன் வரும். இங்கே சொல்லப்போவது வேறு ஊரின் கதை. பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில், பஹியா மாநிலத்தின் தலைநகரான சல்வடோரில், கறுப்பின மக்கள் தாங்களே தொடங்கி ஐம்பது ஆண்டுகளாக நடத்திவரும் பண்பாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் சொல்லித்தராத வரலாற்றை அவை தெருவில் நின்று மேளம் கொட்டிச் சொல்லித்தந்தன. இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

'ப்ளோக்கோ ஆஃப்ரோ' என்றால் என்ன?

ப்ளோக்கோ என்பது கார்னிவல் நாட்களில் ஒரே பெயரில், ஒரே உடையில், ஒரே இசையோடு தெருவில் சேர்ந்து போகிற கூட்டம். அப்படிப்பட்ட கூட்டங்களில் ஆப்பிரிக்க வேரைப் பெருமையாக முன்னால் வைத்துக் கிளம்பியவற்றுக்குத்தான் ப்ளோக்கோ ஆஃப்ரோ என்று பெயர். முதலில் வந்தது இலே ஐயே. 1974 நவம்பர் 1 அன்று, லிபெர்டாடே பகுதியில் குருசு என்கிற இடத்தில் தொடங்கினார்கள். லிபெர்டாடே என்றால் விடுதலை. தொடங்கியவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் அன்டோனியோ கார்லோஸ் டோஸ் சான்டோஸ். ஊரே அவரை 'வோவோ', அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் அப்போலோனியோ டி ஜேசுஸ். குழுவின் பெயர் மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மொழியிலிருந்து வந்தது. இலே என்றால் வீடு, ஐயே என்றால் உலகம்.

அதன் பின்னால் 1979இல் ஒலோடும், மலே டெபாலே, 1981இல் முசென்சா என்று வரிசையாகப் பல குழுக்கள் வந்தன.

அந்த நகரத்தில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்தானே? தனிக் குழு எதற்கு?

பெரும்பாலானவர்கள் என்பது உண்மை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சல்வடோர் மக்களில் சுமார் 83 விழுக்காட்டினர் தங்களைக் கறுப்பர் என்றோ கலப்பு நிறத்தவர் என்றோ பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணிக்கை இருந்தது, இடம் இல்லை. எழுபதுகளில் நகரத்தின் பெரிய கார்னிவல் குழுக்களும் கிளப்புகளும் வெள்ளையர்களுடையவை. சேர விண்ணப்பித்தால் புகைப்படம் கேட்பார்கள், எந்தப் பகுதியில் குடியிருக்கிறாய் என்று கேட்பார்கள். பதிலைச் சொல்லவே வேண்டாம், புகைப்படமே சொல்லிவிடும். கறுப்பினத்தவருக்குக் கிடைத்த வேலை மேளம் அடிப்பதும், சுமை தூக்குவதும், வெளியாட்கள் நுழையாதபடி கூட்டத்தைச் சுற்றிக் கயிறு பிடிப்பதும்தான்.

அது ராணுவ ஆட்சிக் காலம் (1964 முதல் 1985 வரை). 'எங்கள் நாட்டில் நிறவெறியே கிடையாது, எல்லா நிறமும் கலந்து வாழ்கிறோம்' என்பதுதான் அரசு சொன்ன கதை. 1970 கணக்கெடுப்பில் நிறம் பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்த காண்டோம்ப்ளே வழிபாட்டை நடத்த பஹியாவில் போலீசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1976 வரைக்கும் அந்த நிலைதான். சொந்த சாமியைக் கும்பிட காவல் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டிய ஒரு ஊரில், 'இங்கே பாகுபாடே இல்லை' என்று பாடம் நடந்துகொண்டிருந்தது.

குழுவுக்கு 'கறுப்பு அதிகாரம்' என்று பெயர் வைக்கத்தான் முதலில் நினைத்தார்களாம். அமெரிக்காவின் கறுப்பர் போராட்டச் செய்திகள் அவர்களை எட்டியிருந்தன. அந்தக் காலத்தில் அது ஆபத்தான பெயர். அதனால்தான் யொருபாப் பெயருக்குப் போனார்கள்.

இலே ஐயேயில் கறுப்பினத்தவர் மட்டும்தான் சேரலாம் என்றால், அதுவும் நிறவெறிதானே?

இந்தக் கேள்விக்கு இலே ஐயேயின் வயதுதான். 1975 பிப்ரவரியில், சுமார் நூறு பேரோடு, அவர்கள் முதல்முறையாகத் தெருவில் இறங்கினார்கள். 'இது என்ன ப்ளோக்கோ?' என்று கேட்டு, 'கறுப்பு உலகம் உனக்குக் காட்ட வந்திருக்கிறது' என்று பதில் சொல்கிற, பாவ்லீனியோ கமாஃபேயு எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்த 'ஆ தார்தே' என்ற உள்ளூர் நாளிதழ் 'நிறவெறி ப்ளோக்கோ, ஒட்டாத சுரம்' என்று தலைப்புப் போட்டது. நம் நாட்டில் இனப் பிரச்சினையே இல்லையே, இவர்கள் ஏன் கிளப்புகிறார்கள் என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம். அதே ஊரில் புகைப்படம் பார்த்துக் கறுப்பர்களைத் திருப்பி அனுப்பிய குழுக்களை அதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை.

என் பதில் இதுதான். ஒரு கதவை மூடி வைத்திருப்பவனும், அந்தக் கதவுக்கு வெளியே நின்று தனக்கென்று ஒரு திண்ணை கட்டிக்கொள்பவனும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. முதலாமவன் கையில் வேலை, சம்பளம், போலீஸ், பத்திரிகை எல்லாம் இருக்கிறது. இரண்டாமவன் கையில் நாலு மேளம். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் அவர்கள் முதல்முறையாக யாருக்கும் விளக்கம் சொல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வீட்டில் யாரும் சொல்லாத கதைகளும், வேலையிடத்தில் விழுங்கிய அவமானங்களும் அங்கேதான் வெளியே வந்தன. அப்படிப் பேச ஒரு இடம் இல்லாமல், தன்மேல் விழுந்தது தன் தவறு இல்லை என்பது ஒருவருக்கு எப்படிப் புரியும்?

எல்லாக் குழுக்களும் இதே வழியில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒலோடும் எல்லா நிறத்தவரையும் சேர்த்துக்கொண்டது. இலே ஐயே தன் அணிவகுப்பைக் கறுப்பினத்தவருக்கு என்றே வைத்திருக்கிறது. இரண்டு பாதையிலும் நியாயம் இருக்கிறது.

தெருவில் ஆடிப் பாடுவது எப்படிக் கல்வி ஆகும்?

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இலே ஐயே ஒவ்வொரு ஆண்டும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு ஆப்பிரிக்க நாடு, அல்லது பிரேசிலில் நடந்த ஒரு கறுப்பர் எழுச்சி. 1977இல் அப்பர் வோல்டா (இன்றைய புர்கினா ஃபாசோ). 1981இல் சிம்பாப்வே, அந்த நாடு விடுதலை அடைந்து ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. 1983இல் கானா, 1988இல் செனகல், 1989இல் பல்மாரெஸ் (அடிமைத்தளை அறுத்துத் தப்பியவர்கள் பிரேசிலில் அமைத்த குடியிருப்பு). கருப்பொருள் முடிவானதும் குழுவுக்குள் சிலர் உட்கார்ந்து அதைப் படித்து, எளிய மொழியில் ஒரு சின்னக் கையேடு தயாரிப்பார்கள். அந்த நாட்டின் அரசர்கள் யார், மொழிகள் என்ன, எப்படி அடிமைப்படுத்தப்பட்டது, எப்படி எதிர்த்தது எல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் கையேடு பாட்டுக் கட்டுபவர்கள் கைக்குப் போகும். அவர்களில் நிறையப் பேர் அதிகம் பள்ளிக்குப் போகாத உழைப்பாளிகள். படித்தால்தான் பாட்டு எழுத முடியும், அதனால் படிப்பார்கள். எழுதிய பாட்டுகளுக்குப் போட்டி நடக்கும். வாராவாரம் ஒத்திகைக்குக் கூட்டம் கூடும். எந்தப் பாட்டு நல்லது என்று கூட்டமே வாய்விட்டுச் சொல்லும். வென்ற பாட்டைக் கார்னிவலுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் மனப்பாடமாகப் பாடுவார்கள். கானாவின் அசாந்தி அரசு பற்றிப் பள்ளியில் ஒரு வரியும் கேட்டிராத ஒரு வீட்டு வேலைக்காரப் பெண், அதைப் பற்றி ஒரு முழுப் பாட்டை அடி பிசகாமல் பாடிக்கொண்டு தெருவில் போவார். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. மறக்கவும் மாட்டார்.

துணியும் ஒரு பாடநூல்தான். ஜே. குன்யா என்ற ஓவியர் இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் குழுவுக்குத் துணி வடிவமைத்தார். அந்தந்த ஆண்டின் கருப்பொருளுக்கான சின்னங்களைக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்ற நான்கு நிறங்களில் அச்சிட்டார். கறுப்பு தோலுக்கு, சிவப்பு சிந்திய ரத்தத்துக்கு, மஞ்சள் செல்வத்துக்கும் அழகுக்கும், வெள்ளை அமைதிக்கு என்று குழு பொருள் சொல்கிறது. கார்னிவல் முடிந்தாலும் துணி வீட்டில் இருக்கும். அது எந்த ஆண்டுத் துணி, அதில் இருப்பது என்ன சின்னம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அம்மா சொல்லுவார்.

ஒரு பாட்டு உண்மையிலேயே எதையாவது மாற்றியதா?

1987இல் ஒலோடும் எகிப்தைக் கருப்பொருளாக எடுத்தது. லூசியானோ கோமெஸ் எழுதிய 'ஃபாராவோ' (பாரோ, அதாவது பழைய எகிப்தின் மன்னர்) என்ற பாட்டில் ஒசிரிஸ், ஐசிஸ் போன்ற எகிப்துத் தெய்வங்களின் பெயர்கள் அடுக்கடுக்காக வரும். எகிப்து ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது, பிரமிடு கட்டியவர்களுக்கும் நமக்கும் உறவு உண்டு என்பதுதான் பாட்டின் செய்தி. அந்த ஆண்டு சல்வடோர் நகரமே அதைப் பாடியது. அப்போது அதைப் பாடிப் பதிவு செய்த இளம் பாடகிகளில் ஒருவரான மார்கரெத் மெனேசெஸ், 2023இல் பிரேசிலின் பண்பாட்டு அமைச்சர் ஆனார்.

ஒலோடும் பிறந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெலோரீனியோ என்பது சல்வடோரின் பழைய நகரப் பகுதி. அந்தச் சொல்லுக்கு அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கும் தூண் என்று பொருள். எழுபதுகளில் அது இடிந்த வீடுகளும் வறுமையுமாகக் கிடந்த பகுதி. அந்தத் தூண் நின்ற ஊர்ச்சதுக்கத்தில்தான் பிள்ளைகள் பாரோக்களின் பெயரைச் சொல்லி மேளம் அடித்தார்கள். நெகீனியோ டோ சாம்பா என்ற மேளத் தலைவர் சாம்பாவையும் ஜமைக்காவின் ரெக்கே இசையையும் கலந்து அங்கே உருவாக்கிய சாம்பா-ரெக்கே தாளத்தை உலகமே கேட்டது. 1996இல் மைக்கேல் ஜாக்சன் தன் பாட்டு ஒன்றைப் படமாக்க அந்தச் சதுக்கத்துக்கே வந்து, ஒலோடும் சட்டை போட்டுக்கொண்டு, அந்த மேளக்காரர்களோடு ஆடினார்.

அழகிப் போட்டி நடத்துகிறார்களாமே? விடுதலை பேசுகிறவர்களுக்கு அது எதற்கு?

எனக்கும் முதலில் இந்தக் கேள்வி இருந்தது. இலே ஐயே ஆண்டுதோறும் 'கறுப்பு அழகின் இரவு' என்ற விழாவை நடத்தி, அந்த ஆண்டின் 'கருங்காலித் தேவதை'யைத் தேர்ந்தெடுக்கும். அளவெடுக்கும் போட்டி இல்லை. ஆட்டம், நடை, தன் வேரைப் பற்றிய தெளிவு இவைதான் கணக்கு. சுருள்முடியும் பின்னலும் தலைப்பாகையும்தான் அலங்காரம். வோவோவின் சகோதரி டெட்டே லிமா, ஊசி நூல் இல்லாமல் நீளத் துணியை முடிந்தும் மடித்தும் சுற்றியே அந்தப் பெண்ணை அலங்கரிப்பார்.

இதைப் புரிந்துகொள்ள அந்தப் பெண்கள் வளர்ந்த சூழலைப் பார்க்க வேண்டும். வேலை விளம்பரத்தில் 'நல்ல தோற்றம்' வேண்டும் என்று போடுவார்கள். அதற்குக் கறுப்பர் வரவேண்டாம் என்று பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். முடியைச் சூடு வைத்து நீட்டாமல் வேலைக்குப் போக முடியாது. பஹியாவின் கல்வியாளர் அனா செலியா ட சில்வா பள்ளிப் பாடநூல்களை ஆராய்ந்து, கறுப்பினத்தவரை அவை எவ்வளவு இழிவாகக் காட்டின என்பதை வெளிக்கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு சிறுமி, தன் தெருவின் அக்கா ஒருத்தி ராணி போல வாகனத்தின் மேல் நின்று போவதைப் பார்க்கிறாள். நகலெடுக்கத் தன் முகம் போன்றே ஒரு முகம் கிடைத்துவிட்டது. நிறம் பார்த்துத் தாழ்த்துவது கண்ணாடி முன்னால்தான் ஆழமாக வேலை செய்கிறது, அதனால் பாடமும் அங்கேயே தொடங்க வேண்டியிருந்தது.

இதில் மதத்துக்கு என்ன பங்கு?

குழுவின் தாயே ஒரு பூசாரி. வோவோவின் அம்மா, இல்டா ஜிட்டோலு (1923–2009), குருசுவில் ஒரு காண்டோம்ப்ளே கோயிலின் தலைவி. 'மாயி இல்டா' என்பார்கள், இல்டா அம்மா என்று பொருள். குழு பிறந்தது அந்தக் கோயில் வீட்டில்தான். ராணுவ ஆட்சியில், போலீஸ் என்ன செய்யுமோ என்ற பயத்தோடு பையன்கள் முதல்முறை கிளம்பியபோது, அவர்களுக்கு அரணாக நின்றவர் அவர்.

கார்னிவல் சனிக்கிழமை இரவு குழு கிளம்பும் முன் இன்றும் சடங்கு நடக்கிறது. வெண்புறாக்களைப் பறக்கவிடுவார்கள், கூட்டத்தின் மேல் மக்காச்சோளப் பொரியை வாரி இறைப்பார்கள். பொரி ஒபலுவாயே என்ற தெய்வத்துக்கு உரியது. அம்மை நோயோடும் அது குணமாவதோடும் சேர்த்து வணங்கப்படுகிற தெய்வம் அது. தமிழ் வாசகர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நிஜப் பள்ளிக்கூடமும் நடத்தினார்களா?

ஆம். 1988இல், கோயில் கூடத்திலேயே, இல்டா அம்மா ஒரு பள்ளியைத் தொடங்கினார். அடிமைமுறை ஒழிந்து சரியாக நூறு ஆண்டு ஆன வருடம் அது. அரசு விழா எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகள், எழுதப் படிக்க வராதவர்கள்தான் முதலில் வந்தார்கள். எந்தப் பிள்ளையையும் அதன் முடியையோ சாமியையோ சொல்லி அங்கே யாரும் கேலி செய்ய முடியாது. அதுவே பாதிப் படிப்பு.

1992இல் 'பாண்டா எரே' என்ற சிறுவர் மேளக்குழு வந்தது. மேளத்தோடு பாட்டு, ஆட்டம், வரலாறு, உரிமை எல்லாம் சேர்ந்த பயிற்சி. 1995இல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பகுதியின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். கார்னிவலுக்காக எழுதிய கையேடுகளையும் பாட்டுகளையும் வகுப்பறைக்கு ஏற்றபடி 'கல்விக் குறிப்பேடுகள்' என்று வெளியிட்டார்கள். கவிஞர் ஜோனதாஸ் கொன்சேய்சாவ், மானுடவியலாளர் மரியா டி லூர்தெஸ் சிக்கேய்ரா போன்றவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. 2003இல் குருசுவில் 'சென்சாலா டோ பாரோ பிரேட்டோ' என்ற பெரிய கட்டடம் எழுந்து, பள்ளியும் ஒத்திகையும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. சென்சாலா என்றால் தோட்டத்து அடிமைகளை அடைத்துவைத்த கொட்டடி. அந்தச் சொல்லை எடுத்துத் தங்கள் மாளிகைக்கே பெயராக வைத்தார்கள்.

மேளம் ஆண்களுக்கு மட்டும்தானா?

நெடுங்காலம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. பெண்கள் ஆட்டத்திலும் அலங்காரத்திலும் இருந்தார்கள், பெரிய மேளம் ஆண்கள் தோளில். 1993இல் நெகீனியோ டோ சாம்பா பெண்களுக்கென்றே 'டிடா' என்ற மேளக்குழுவைத் தொடங்கினார். நிறவெறியை எதிர்க்கிற இடத்துக்குள்ளேயும் இன்னொரு ஏற்றத்தாழ்வு குடியிருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1949இல் சல்வடோர் துறைமுகத் தொழிலாளிகள் சேர்ந்து ஒரு கார்னிவல் குழு தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் காந்தி கொல்லப்பட்டிருந்தார். அவர் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்: 'ஃபில்யோஸ் டி காந்தி', காந்தியின் பிள்ளைகள். வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை, நீலமும் வெள்ளையுமான மணிமாலைகள், காண்டோம்ப்ளேயின் இஜெஷா தாளம். அமைதியை வேண்டிப் போகிற கூட்டத்தை விரட்டுவது போலீசுக்கும் எளிதல்ல. கறுப்பினத் தொழிலாளிகள் தங்கள் சாமிப் பாட்டைத் தெருவில் பாட, இந்தியாவின் ஒரு பெயர் குடையாக நின்றது. இன்றும் கார்னிவலில் ஆயிரக்கணக்கான பேர் அந்த உடையில் போகிறார்கள்.

இலே ஐயேவுக்கு முன்னால் இப்படி யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். 1931இல் சாவ் பாவ்லோவில் 'பிரேசில் கறுப்பர் முன்னணி' தோன்றி, பள்ளியும் பத்திரிகையும் நடத்தியது. 1937இல் சர்வாதிகார ஆட்சி அதைக் கலைத்தது. 1944இல் அப்டியாஸ் டோ நாசிமென்டோ ரியோவில் 'கறுப்பர் சோதனை நாடக மன்ற'த்தைத் தொடங்கினார். வீட்டு வேலைக்காரர்களும் தொழிலாளிகளும் நடிக்க வந்தார்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வசனம் படிக்க வேண்டுமே, அதனால் எழுத்தறிவு வகுப்பையும் நாடக மன்றமே நடத்தியது.

அரசு எப்போது விழித்துக்கொண்டது?

2003 ஜனவரி 9 அன்று 10.639 என்ற எண்ணுள்ள சட்டம் வந்தது. ஆப்பிரிக்க வரலாற்றையும், ஆப்பிரிக்க வம்சாவளிப் பிரேசிலியரின் வரலாறு, பண்பாடு இரண்டையும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்றது. இலே ஐயே தெருவில் இறங்கி 28 ஆண்டுகள் கழித்து. 2012இல் மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பல்மாரெஸ் என்ற அடிமைத்தளை அறுத்தோர் குடியிருப்பின் தலைவர் சூம்பி 1695இல் கொல்லப்பட்ட நவம்பர் 20, இப்போது நாடு முழுதும் பொது விடுமுறை. அதற்கான சட்டம் 2023இன் கடைசியில்தான் நிறைவேறியது. அந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று முதலில் சொன்னது 1971இல் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் கூடிய ஒரு சின்னக் கறுப்பர் குழு. சட்டம் வந்த பிறகு பாடம் நடத்த என்ன இருக்கிறது என்று ஆசிரியர்கள் தேடியபோது, பஹியாவில் குறிப்பேடுகள் ஏற்கெனவே தயாராக இருந்தன.

இந்தக் குழுக்கள் மேல் விமர்சனமே இல்லையா?

இருக்கிறது, சில கனமானவை. அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் ஹான்சார்ட், பிரேசில் கறுப்பர் இயக்கம் பண்பாட்டிலேயே தேங்கிவிட்டது, உடையும் தாளமும் அரசியல் அதிகாரத்துக்கு ஈடாகாது என்று எழுதினார். தள்ளிவிட முடியாத கேள்வி. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள சல்வடோரின் மேயர் நாற்காலியில் யார் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே அது உறைக்கும். ஆனால் அவர் ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டார் என்று நினைக்கிறேன். 'நான் கறுப்பர்' என்று சொல்லவே தயங்கிய ஒரு மக்கள்கூட்டத்தில் அரசியல் எங்கிருந்து தொடங்கும்? 1976இல் அரசு ஆய்வு ஒன்றில் உங்கள் நிறம் என்ன என்று திறந்த கேள்வி கேட்டபோது, மக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைச் சொன்னார்கள். கறுப்பு என்ற ஒரு சொல்லைத் தவிர்க்க அத்தனை சொற்கள் தேவைப்பட்டன. அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் வாயில் வரவழைத்தது பாட்டுத்தான்.

இன்னொரு சிக்கல் பணம். கார்னிவல் இன்று பெரிய வணிகம். விளம்பரதாரர்களின் காசு நட்சத்திரப் பாடகர்களின் ஒலிபெருக்கி வண்டிகளுக்குப் போகிறது. ஆஃப்ரோ குழுக்கள் அரசு உதவிக்கும் நிறுவனங்களின் ஆதரவுக்கும் ஆண்டுதோறும் அலைய வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓய்ந்த பின்னிரவில்தான் பல நேரம் அவர்கள் முறை வருகிறது. அவர்கள் உருவாக்கிய தாளத்தில் மற்றவர்கள் சம்பாதித்தார்கள், பள்ளி நடத்த அவர்களிடம் காசு இல்லை. எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கார்னிவல் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். நகர மையத்தில் காத்திருக்காமல், சனிக்கிழமை இரவு குருசு ஏற்றத்துக்கே போய்விடுங்கள். அணிவகுப்பில் சேர முடியாவிட்டாலும் ஓரமாக நின்று பார்க்க யாருக்கும் தடையில்லை. கோயில் வாசலில் கூட்டம் நெருக்கும், கிளம்ப நேரமாகும், பரவாயில்லை. புறா பறந்து, பொரி தலையில் விழுந்த பிறகு பெரிய மேளங்கள் ஒன்றாக எழும்பும். மாடி ஜன்னல்களில் கிழவிகளும் குழந்தைகளும் அந்த ஆண்டுப் பாட்டை ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பார்கள்.